ஸ்டவர்ஹெட் தோட்டத்தைத் தலைகீழாகப் பார்க்காதீர்கள்

இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் உள்ள ஸ்டவர்ஹெட்டுக்கு ரயிலில் போகிறவர்களுக்கு முதல் சறுக்கல் டிக்கெட் எடுக்கும்போதே காத்திருக்கிறது. இறங்க வேண்டியது டார்செட்டில் இருக்கும் கில்லிங்கம். லண்டன் வாட்டர்லூவிலிருந்து வண்டி உண்டு. கென்ட்டிலும் அதே எழுத்துக்கூட்டில் ஓர் ஊர் இருக்கிறது, அதை ஜில்லிங்கம் என்பார்கள். மாற்றி ஏறினால் லண்டனுக்கு நேர் எதிர்ப்பக்கம் போய் நிற்பீர்கள். சரியான ஊரில் இறங்கினாலும் தோட்டம் சில மைல் தள்ளித்தான். டாக்சிக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

அடுத்த தவறை நானும் செய்திருக்கிறேன்: தோட்டத்தை ஒட்டிய கிராமத்தின் பக்கமாக நுழைந்து, கால் போன திசையில் சுற்றுவது. அங்கிருந்து பார்த்தால் ஏரி, வளைவுப் பாலம், எதிர்க்கரையில் ரோமானியக் கோயில் சாயலில் கட்டிய பாந்தியன் மண்டபம் எல்லாம் ஒரே பார்வையில் வந்துவிடும். காலண்டர்களில் வரும் படம் அதுதான். இலை போட்டதும் பாயசம் குடித்த மாதிரி, அப்புறம் என்ன மிச்சம்? 18ஆம் நூற்றாண்டில் இதை அமைத்த வங்கிக்காரர் ஹென்றி ஹோர், விருந்தினரை மேட்டிலிருக்கும் மாளிகையிலிருந்து மரங்களுக்கிடையே இறக்கிக் கூட்டிவர நினைத்தவர். ஏரியை இடப்பக்கம் வைத்துக்கொண்டு நடங்கள். ஃபுளோரா கோயில், குகை, பாந்தியன், கடைசியில் மேட்டில் அப்பல்லோ கோயில் என்று ஒவ்வொன்றும் மறைந்து மறைந்து வெளிப்படும். குகைக்குள் இருக்கும் நதித்தெய்வச் சிலை கைநீட்டி அடுத்த வழியைக் காட்டுகிறது. எதிர்த்திசையில் வருபவருக்கு அது வந்த வழியையே காட்டும், பாவம்.

பூப்பாத்திகளைத் தேடி ஏமாறுகிறவர்களும் உண்டு. ஹோருக்கு வேண்டியிருந்தது நீர், பசுமை, கட்டடம் மூன்றும்தான். ஏரியே ஓடையை மறித்து அவர் உண்டாக்கியது. மே, ஜூனில் கண்ணைப் பறிக்கும் ரோடோடென்ட்ரான் பூச்செடிகள் பின்னால் வந்தவர்கள் நட்டவை. எனக்கு அவை கொஞ்சம் சத்தமாகத்தான் படுகின்றன. என்னைக் கேட்டால் அக்டோபரில் போங்கள். இலைகள் நிறம் மாறி நீரில் தெரியும். ஆனால் சனி, ஞாயிறு வேண்டாம், கூட்டம் தாங்காது.

இங்கிலாந்தின் பெரிய மாளிகைத் தோட்டம் என்றாலே அந்தக் காலத்தின் பேர்பெற்ற தோட்டக் கலைஞர் கேப்பபிலிட்டி பிரவுன் போட்டது என்று சொல்லிவிடுவதும் ஒரு வழக்கம். இது அவருடையதில்லை.

ஸ்டவர்ஹெட்டைச் சேர்ந்த கிங் ஆல்ஃப்ரெட் கோபுரம் ஏரிக்கரையிலேயே இருக்கும் என்று நினைக்காதீர்கள். 1772இல் முடிந்த அந்த 49 மீட்டர் செங்கல் கோபுரத்துக்குக் காட்டுவழியே நடந்தால் ஒரு மணி நேரம் பிடிக்கும். மழை பெய்திருந்தால் சேறு வேறு. ஏரிச் சுற்றுக்கு வந்த செருப்போடு கிளம்பிவிடாதீர்கள்.