தேரடியில் நின்று ஒரு சண்டை: ஆன்மிகத்தைச் சமயத்திலிருந்து பிரிப்பவர்கள் விடும் தவறுகள்

"எனக்குச் சமயம் இல்லை, ஆன்மிகம் இருக்கிறது" என்று சொல்பவர்களை யாழ்ப்பாணத்தில் இப்போது அடிக்கடி சந்திக்கிறேன். உள்ளூர்ப் பொடியன்களும் சொல்கிறார்கள். கனடாவிலிருந்து திருவிழாவுக்கு வந்து நல்லூர்க் கந்தசுவாமி கோயில் வீதி மணலில் உட்கார்ந்து கச்சான் கொறிப்பவர்களும் சொல்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். இப்போதும் பாதி அப்படித்தான். ஆனால் இரண்டையும் பிரிக்கிறோம் என்று எடுக்கும் கத்தி எங்கே விழுகிறது என்று பார்த்தால், வெட்டவேண்டியதை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பதைத்தான் பெரும்பாலும் வெட்டுகிறது.

முதலில் ஒரு சின்னத் தவறு. ஆன்மிகம் என்ற சொல் எங்கள் ஆச்சிமார் வாயில் இருந்ததில்லை. அவர்களுக்குச் சைவம் இருந்தது, விரதம் இருந்தது, கும்பிடு இருந்தது. பிறகு பள்ளிக்கூடம் சமயத்தை ஒரு பாடமாக்கியது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் தப்பமுடியாத பாடம் அது. நாயன்மார் வரலாற்றை மனனம் செய்து 'ஏ' சித்தி எடுத்தவனுக்குச் சமயம் என்றாலே பரீட்சை மண்டபம் நினைவுக்கு வருவதில் வியப்பில்லை. அவன் வெறுப்பது அந்தப் பாடத்தை. அதைச் சமயத்தின்மேல் ஏற்றிவிடுகிறான், அவ்வளவுதான்.

அடுத்தது கொஞ்சம் பெரியது. "சமயம் வெளியே, ஆன்மிகம் உள்ளே" என்று ஒரு கோடு கீறுவது. சைவ சித்தாந்தம் அந்தக் கோட்டைக் கீறவில்லை. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நாலு படி வைத்தது. கோயிலைக் கூட்டி மெழுகுவது முதற்படி, பூசை செய்வது இரண்டாவது, அகத்தில் ஒடுங்குவது மூன்றாவது, அறிவது நாலாவது. தாயுமானவர் இவற்றை அரும்பு, மலர், காய், கனி என்றார். இந்தக் கணக்கை நீங்கள் மறுக்கலாம். கனி நேரே கடையில் கிடைக்கும்போது அரும்பு எதற்கு என்றும் கேட்கலாம். ஆனால் எதை மறுக்கிறோம் என்று தெரிந்து மறுக்கவேண்டும். உள்ளமே பெருங்கோயில், உடம்பே ஆலயம் என்ற திருமூலரின் பாட்டை எல்லோரும் எடுத்து வீசுகிறார்கள். அதே திருமந்திரத்தில்தான் சிவன் கோயிலில் பூசை முட்டுப்பட்டால் அரசனுக்குத் தீங்கு, நாட்டில் மழை வளம் குன்றும், களவு பெருகும் என்ற பாட்டும் இருக்கிறது. ஒரு பாட்டை ஒளித்துவைத்து மற்றப் பாட்டால் அடிப்பதைப் பக்தர்களும் செய்கிறார்கள், எதிர்ப்பவர்களும் செய்கிறார்கள்.

இந்தப் பேச்சில் யாழ்ப்பாணத்து ஞானி யோகர் சுவாமிகள் எப்படியும் வந்துவிடுவார். "எப்பவோ முடிந்த காரியம்", "ஒரு பொல்லாப்பும் இல்லை" என்ற வாக்குகளை எடுத்து, கோயில் வேண்டாம் என்றவராக அவரைக் காட்டுவது எளிது. 1872இல் பிறந்து 1964இல் மறைந்தவர் அவர். கொழும்புத்துறையில் ஒரு கொட்டிலில் இருந்தார். எந்தக் கோயிலுக்கும் தலைவர் இல்லை. சைவர்களும் தேடிப்போனார்கள், கிறிஸ்தவர்களும் போனார்கள். இலங்கையின் மகாதேசாதிபதியாக இருந்த சோல்பரி பிரபுவின் மகனே சீடராக வந்து சேர்ந்தார். எல்லாம் சரி. நல்லூர் முருகனைப் பாடியவரும் அவர்தானே? அவருடைய குரு செல்லப்பா சுவாமிகளை ஊர் விசரன் என்றது. அவர் இருந்த இடம் நல்லூர்த் தேரடி. பூசையில் பங்கில்லை, பதவியில்லை, ஆனால் மணி அடித்தால் காதில் விழும். காட்டுக்கும் போகவில்லை, மூலஸ்தானத்துக்கும் போகவில்லை. யாழ்ப்பாணத்து ஆன்மிகத்துக்கு முகவரி கேட்டால் நான் அந்தத் தேரடியைத்தான் காட்டுவேன். கோயிலைப் பெயர்த்து எடுத்துவிட்டுத் தேரடியை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

இன்னொன்றும் கவனியுங்கள். 1935இல் 'சிவதொண்டன்' இதழ் வந்தது, பிறகு அதே பெயரில் நிலையம் வந்தது, இப்போது பங்குனி ஆயிலியத்தில் குருபூசை நடக்கிறது. அமைப்புக்கு வெளியே நின்றவரைச் சுற்றியும் ஓர் அமைப்பு வந்துவிட்டது. இதைத் துரோகம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மௌனமாக இருக்க ஒரு மண்டபம் வேண்டுமென்றால் அதை யாராவது கூட்டவேண்டும், மின்சாரக் கட்டணம் கட்டவேண்டும்.

அமைப்பு என்ற சொல்லைப் பிழையாகப் பிடிப்பதுதான் அடுத்த தவறு. ஐரோப்பியர் தங்கள் திருச்சபையை எதிர்த்து எழுதியதைப் படித்துவிட்டு, அதே வாசகங்களை எங்கள் கோயில்மேல் ஒட்டுகிறார்கள். கத்தோலிக்கருக்கு ஆயர் இருக்கிறார், அவருக்கு மேலே ஆள் இருக்கிறது. யாழ்ப்பாணத்துச் சைவத்துக்கு அப்படி ஒரு தலைமை எங்கே? நல்லூர் ஒரு குடும்பத்தின் நிருவாகத்தில் இருக்கிறது. பக்கத்துக் கோயில் பரிபாலன சபையிடம் இருக்கிறது. தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியில் ஆகமமும் இல்லை, குருக்களும் இல்லை, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரே கட்டளை போட ஆளில்லை. பாடசாலை, அச்சுக்கூடம், பிரசங்கம், வினாவிடை என்று இன்று நாம் 'சமயம்' என நினைக்கும் ஒழுங்கில் பெரும்பகுதியை 19ஆம் நூற்றாண்டில் கட்டியெழுப்பியவர் ஆறுமுக நாவலர். வேதாகமத்தைத் தமிழாக்கப் பேர்சிவல் பாதிரியாருடன் உழைத்தபோது மிஷனரிமாரின் வேலைமுறையை அருகிருந்து பார்த்தவர் அவர். 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளிக்கூடம் தொடங்கினார். ஆகம விதிப்படி இல்லை என்று நல்லூர்க் கோயிலையே கண்டித்தார். ஆகவே "காலங்காலமாக இப்படித்தான்" என்பவரும் பிழை, "காலங்காலமாக அடக்குகிறார்கள்" என்று அதே ஒழுங்கை எதிர்ப்பவரும் பிழை.

அப்படியானால் அதிகாரமே இல்லையா? இருக்கிறது. வேறு இடத்தில் இருக்கிறது. எந்த நாள் திருவிழா யாருடைய உபயம், மடைப்பள்ளிக்குள் யார் போகலாம், வடத்தில் யார் கை வைக்கலாம் என்பதில் இருக்கிறது. 2018இல் தென்மராட்சியில் ஒரு கோயில் தேரை மண் அள்ளும் இயந்திரம் இழுத்த படங்கள் செய்திகளில் வந்தன. எல்லாச் சாதியினரும் வடம் பிடிக்க நேரும் என்பதால்தான் இயந்திரம் வந்தது என்று பேசப்பட்டது. சாதியைச் சொல்லித் தடுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. இருந்தும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் உள்ளே போகவிடுங்கள் என்று சத்தியாக்கிரகம் இருக்கவேண்டியிருந்தது.

அந்த வாசலில் உட்கார்ந்திருந்தவர்களிடம் போய், "கடவுள் உள்ளத்தில் இருக்கிறார், உங்களுக்குக் கோயில் எதற்கு?" என்று கேட்டால் எப்படி இருந்திருக்கும்? கதவைச் சாத்தியவனுக்கு அதைவிட வசதியான தத்துவம் கிடைக்காது. வெளியே நின்றே கும்பிடலாமே, எல்லாம் ஒன்றுதானே! உள்ளே போய் அலுத்தவர் "கோயில் வேண்டாம்" என்று சொல்வதற்கும், உள்ளே விடப்படாதவரிடம் அதைச் சொல்வதற்கும் வேறுபாடு தெரியாமல் இந்த விவாதத்துக்குள் வரக்கூடாது. என் எரிச்சல் இதோடு முடியவில்லை. சமயத்தை விட்டுவிட்டேன் என்று சொல்லும் நண்பர்களில் சிலர் வெள்ளிக்கிழமைக் கோயிலை விட்டார்கள், விரதத்தை விட்டார்கள், திருநீற்றை விட்டார்கள். மகளுக்குக் கலியாணம் பேசும்போது குறிப்புப் பொருத்தம் பார்த்தார்கள், சாதியும் விசாரித்தார்கள். விடிய எழும்புகிற கரைச்சலை விட்டுவிட்டுச் சாதியை மட்டும் கைவிடாமல் பிடித்துக்கொண்டதற்கு ஆன்மிகம் என்று பெயர் வைத்தால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

தன் வீட்டுத் தளபாடத்தைப் பொதுச்சொத்து என்று நினைப்பது வேறொரு தவறு. "சமயம் கடந்த தியானம்" என்று கூப்பிட்டார்கள், போனேன். குத்துவிளக்கு இருந்தது, ஓங்காரம் இருந்தது, முடிவில் சைவச் சாப்பாடு இருந்தது. எனக்கு எல்லாம் இயல்பாக இருந்தது, ஏனென்றால் நான் சைவ வீட்டில் பிறந்தவன். பக்கத்தில் இருந்த கத்தோலிக்கப் பெண் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். ஆழ்ந்த அமைதி வேண்டுமென்றால் அவருக்கு அவருடைய சபைக்குள்ளேயே இடம் இருக்கிறது. தோலகட்டியில் 1928இல் தொடங்கிய செபமாலைத் துறவிகளின் மடம் மௌனத்துக்கும் செபத்துக்கும் என்றே ஏற்பட்டது. நாங்கள் அந்த இடத்தை அங்கே செய்து விற்கும் நெல்லிரசப் போத்தலில் உள்ள பெயராக மட்டும் அறிந்து வைத்திருக்கிறோம். 'யாழ்ப்பாணத்து ஆன்மிகம்' என்று எழுதும் கட்டுரைகளில் முஸ்லிம்கள் ஒரு வரியிலும் வருவதில்லை. 1990 ஒக்ரோபரில் அவர்கள் இந்த ஊரிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். கட்டுரையிலும் வெளியேதான் நிற்கிறார்கள்.

காசு விடயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். கோயில் வியாபாரம் என்பவர்கள் நல்லூரில் அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். புலம்பெயர்ந்தோர் காசில் ஆள் வராத ஊரில் எழும்பும் இராசகோபுரங்களையும் சொல்லலாம், எனக்கும் அவற்றில் மகிழ்ச்சி இல்லை. ஆனால் கோயிலை விட்டு ஒரு குருவிடம் போகிறவர், அங்கே ஐயரும் இல்லை உண்டியலும் இல்லை என்று நிம்மதி அடைந்துவிடக்கூடாது. கோயிலில் கணக்குப் பிழைத்தால் உபயகாரர் சண்டை பிடிப்பார், வழக்குப் போடுவார். குருவிடம் கணக்குக் கேட்டால், கேட்டவருக்குப் பக்குவம் போதாது என்பார்கள்.

கடைசியாக, நான் பக்கத்தில் நின்று பார்த்த ஒரு தவறு. இறந்துபோன பெரியப்பாவின் அந்தியேட்டிச் சடங்குக்குக் கீரிமலைக் கடற்கரைக்குப் போயிருந்தோம். முப்பத்தோராம் நாள். கடற்காற்றில் கற்பூரம் அணைந்து அணைந்து போனது. ஐயர் சொன்ன மந்திரம் எங்கள் யாருக்கும் விளங்கவில்லை. என் மச்சான் படித்தவன், நிறைய வாசிப்பவன். அவன் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் குந்தி இருந்து, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "மாமி, இதெல்லாம் வெறும் சடங்கு. பெரியவர் உங்களுக்குள்ளேதான் இருக்கிறார்" என்றான்.

பெரியம்மா தண்ணீரைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு, "எட்டு எப்போது, முப்பத்தொன்று எப்போது என்று எனக்கு நாள் எண்ணித் தந்தவர் ஐயர்தான் தம்பி. நீ எத்தனை நாள் வந்தாய்?" என்று கேட்டார்.

மச்சான் இரண்டு நாள் வந்திருந்தான். நான் மூன்று.