ஸ்லோ ஸ்டெப்பைப் பிடிங்க, ரேட் லா தானா வரும்

மெக்கானிசம், அதாவது ரியாக்‌ஷன் எந்தெந்தப் படியா நடக்குதுங்கறதைக் குடுத்து, ரேட் லா, அதாவது வேகம் எந்தப் பொருளோட செறிவை எப்படிப் பொறுத்ததுங்கற சமன்பாட்டை எழுதச் சொன்னா கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பசங்க நெறைய பேரு மொத்த சமன்பாட்டுல பொருளுக்கு முன்னாடி இருக்கற நம்பரைத் தூக்கி அப்படியே பவரா போட்டுடறாங்க, மார்க் போறது அங்கதான் தம்பி.

2017 ஜூலைல ஜிஎஸ்டி வர்றதுக்கு முன்னாடி வாளையார் செக்போஸ்ட் எப்படி இருந்துச்சுன்னு வீட்ல லாரி ஓட்டுனவங்க யாராச்சும் இருந்தா கேட்டுப் பாருங்க, கோயம்புத்தூர்ல இருந்து எவ்வளவு பறந்து வந்தாலும் சரி, தாண்டுனப்புறம் ரோடு காலியா கெடந்தாலும் சரி, ஒரு மணி நேரத்துல எத்தனை லாரி பாலக்காடு போய்ச் சேரும்ங்கறத செக்போஸ்ட்ல நின்ன அந்த லாரி வரிசைதான் முடிவு பண்ணும். ரியாக்‌ஷன்லயும் மெதுவா நடக்கற படிதான் மொத்த வேகம்.

நைட்ரஜன் டைஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் சேர்ற ரியாக்‌ஷனை எடுத்துக்குங்க, சுமார் 225 டிகிரி செல்சியஸுக்குக் கீழ. முதல் படில ரெண்டு நைட்ரஜன் டைஆக்சைடு மோதி ஒரு நைட்ரஜன் ட்ரைஆக்சைடும் ஒரு நைட்ரிக் ஆக்சைடும் வருது, இது ஸ்லோ. அப்புறம் அந்த ட்ரைஆக்சைடு ஒரு ஆக்சிஜனை கார்பன் மோனாக்சைடுக்குக் குடுத்துடுது, இது சட்டுனு முடிஞ்சுடும். மொதல்ல ரெண்டு படியையும் கூட்டிப் பாருங்க, நடுவுல வந்த ட்ரைஆக்சைடு அடிபட்டு மொத்த சமன்பாடு வரணும். வந்துச்சுன்னா ஸ்லோ படியை மட்டும் பாத்து எழுதுங்க: ரேட் = கே × நைட்ரஜன் டைஆக்சைடு செறிவு ஸ்கொயர் (கேங்கறது வேக மாறிலி). கார்பன் மோனாக்சைடு அதுல இல்லவே இல்ல! அதை ரெண்டு மடங்கு ஆக்குனாலும் வேகம் அசையாது, நைட்ரஜன் டைஆக்சைடை ரெண்டு மடங்கு ஆக்குனா வேகம் 4 மடங்கு. நம்பரைப் பவரா போடலாம்ங்கறது இந்த மாதிரி ஒரே மோதல்ல நடக்கற படிக்கு மட்டும்தான்.

ஸ்லோ படி ரெண்டாவதா வந்தாதான் கொஞ்சம் தலைவலி. நைட்ரிக் ஆக்சைடு, ஆக்சிஜன் கணக்குல ரெண்டு நைட்ரிக் ஆக்சைடு ஜோடி சேர்றதும் பிரியறதுமா வேகமா ஒரு சமநிலை, அப்புறம் அந்த ஜோடி மெதுவா ஆக்சிஜனோட சேருது. ஜோடி நடுவுல வந்து போற இடைநிலைப் பொருள்ங்கறதால விடைல அது இருக்கக் கூடாது, சமநிலைல அதோட செறிவு நைட்ரிக் ஆக்சைடு செறிவோட ஸ்கொயருக்கு நேர்விகிதம், அதைக் கொண்டு வந்து போட்டா ரேட் = கே × நைட்ரிக் ஆக்சைடு செறிவு ஸ்கொயர் × ஆக்சிஜன் செறிவு. பரீட்சைக்கு வேணாம்தான், ஆனா இந்த ரியாக்‌ஷனை சூடு பண்ணா வேகம் கொறையும், ஏன்னா சூட்டுல அந்த ஜோடி பிரிஞ்சு போயிடுது.

இன்னொண்ணு, நீங்க எழுதுன ரேட் லா பரிசோதனைல வந்ததோட ஒத்துப் போகலைன்னா அந்த மெக்கானிசம் தப்பு, தூக்கிப் போடுங்க, ஒத்துப் போனாலும் அதான் மெக்கானிசம்னு சத்தியம் பண்ண முடியாது, வேற ஒரு மெக்கானிசமும் அதே ரேட் லாவைக் குடுக்கலாம்.