வங்கி ஏலத்தில் வீடு எடுப்பவர்கள் விடும் பிழைகள்

இரண்டரைக் கிழமைக்கு முன் கிளிநொச்சிப் பக்கம் ஒரு வங்கி ஏலம். வீட்டு வாசலில் வைத்தே கூறினார்கள். ஒரு தம்பி, பத்திரிகை விளம்பரத்தை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டு, படலைக்கு வெளியே நின்றபடியே விலையை ஏற்றிக்கொண்டு போனான். உள்ளே கொடியில் ஈரச் சட்டைகள் தொங்கின. ஏலம் அவனுக்கே விழுந்தது. “ஆர் தம்பி உள்ளே இருக்கினம்?” என்று கேட்டேன். “அதெல்லாம் வங்கி பாக்கும் அண்ணை” என்றான்.

பதினொரு வருடத்துக்கு முன் ஏலத்தில் ஒரு வீடு எடுத்தபோது நானும் இதையேதான் சொன்னேன். கூரை ஒழுகுமா, கிணறு வற்றுமா என்பதெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். மற்றவற்றை எழுதுகிறேன்.

தரகர் வாயை நம்புவது

அவர் சொல்வதை எழுத்தில் கேளுங்கள்.

உள்ளே இருப்பது யார் என்று பார்க்காமல் ஏலம் கேட்பது

1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தைத்தான் நம் ஆட்கள் பராட்டே என்கிறார்கள். கடன் கட்டாதவரின் ஈட்டுக் காணியை, வழக்குப் போடாமலே ஏலத்தில் விற்க அது வங்கிக்கு இடம் கொடுக்கிறது. வாங்கியவருக்கு விற்பனைச் சான்றிதழ் கிடைக்கும். சரி, உள்ளே இருப்பவர் எழும்பாவிட்டால்? மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய்க் கட்டளை எடுக்க வேண்டியது வாங்கியவர். வங்கி போடாமல் தப்பிய வழக்கு நம் தலையில் வந்து விழுகிறது.

நான் சான்றிதழோடு போன அன்று, பின்பக்கக் கிடுகுப் பத்தியில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. படியில் ஒரு பிள்ளை கொப்பியை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்தது. வெளியே வந்த அம்மா கடன் எடுத்தவரின் மனைவியல்ல, தங்கச்சி. அந்த வீடு தனக்குச் சீதனமென்று பேசப்பட்டது, அண்ணன் தனக்குத் தெரியாமல் ஈடு வைத்துவிட்டான் என்றார். பொய் சொல்லும் முகமில்லை. அவரும் சட்டத்தரணி பிடித்தார். தவணைக்கு மேல் தவணை, மூன்று வருடமும் நாலு மாதமும். செலவு நாலரை இலட்சம். வீடு கைக்கு வந்தபோது கதவு நிலைகளைக் கறையான் தின்றிருந்தது. அந்த அம்மா மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு பின்னேரம் அந்த ஒழுங்கைக்குப் போயிருந்தால் அடுப்புப் புகையைக் கண்டிருப்பேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

இப்போது விளம்பரம் கண்டதும் இரண்டு தரம் போகிறேன், பகலில் ஒருக்கால், விளக்கு வைக்கிற நேரத்தில் ஒருக்கால். பக்கத்து வளவில் கதைக்கிறேன். கிராம சேவையாளரிடம் அந்த வீட்டில் பதிந்திருப்பவர்கள் யாரென்று விசாரிக்கிறேன். வன்னியில் இது கட்டாயம். இடம்பெயர்ந்து போனவர்களின் வீட்டில் உறவுக்காரர் இருப்பார்கள், வாடகைக்கு வந்தவர் இருப்பார், உறுதி வேறொருவர் பெயரில் கிடக்கும். காணிப் பதிவகத்தில் தேடினால் ஈடும் வழக்குப் பதிவும் தெரியும். அடுப்பு தெரியாது.

பேமிட் காணியா என்று கேட்காமல் விடுவது

இங்கே பாதிக் காணிக்கு மேல் குடியேற்றத் திட்டக் காணி என்று நினைத்துக்கொண்டே தொடங்குங்கள். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப்பத்திரமோ (பேமிட்) அளிப்போ கொடுத்த காணி என்றால், முதலில் பிரதேச செயலகத்தில் விசாரிப்பு, அப்புறம்தான் ஏலம்.

பத்து வீதக் காசோடு மட்டும் போவது

சுத்தியல் விழுந்ததும் விலையில் 10 வீதம் கேட்பார்கள். வழக்கமாக அதோடு உள்ளூராட்சி சபைக்கு 1 வீதம், ஏலவிற்பனையாளருக்கு 2.5 வீதம், விளம்பரச் செலவில் பங்கு, நொத்தாரிசு கூலி. மிச்சம் 90 வீதத்துக்குப் பெரும்பாலும் 30 நாள்தான். ஆட்கள் இருக்கிற வீட்டைக் காட்டி அதற்குள் கடன் எடுப்பது லேசில்லை. தவறினால் கட்டிய காசு போகும்.

அந்தத் தம்பிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. நேற்றுத்தான் அவனை என் சட்டத்தரணியிடம் கூட்டிப்போனேன்.