குழந்தைக்கு உதவி தேடும்போது வேலூர்ப் பக்கம் நடக்கும் தவறுகள்

வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வைத்தியத்துக்காக ரயிலேறி வந்து காட்பாடியில் இறங்குகிறார்கள். குழந்தையின் வளர்ச்சிக்கும் மனநலத்துக்கும் உதவி தேடி வருகிறவர்களும் அவர்களில் உண்டு. அதே காட்பாடியிலும் குடியாத்தத்திலும் அணைக்கட்டிலும் குடியிருக்கிற நம் குடும்பங்கள் பல, பிள்ளைக்கு ஐந்து, ஆறு வயதான பிறகுதான் முதல்முறையாக ஒரு மருத்துவரிடம் இதைப் பற்றி வாய் திறக்கின்றன. பணம் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், எதை முதலில் செய்வது, எங்கே போவது என்று சொல்ல ஆளில்லாமல் காலம் போய்விடுவது. பெற்றோரிடம் பேசப் பேச, ஒரே தவறுகள் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கிறேன். அவற்றை எழுதி வைத்தால் ஒரு குடும்பத்துக்காவது ஒரு வருடம் மிச்சமாகும்.

"பேசிடுவான், விடு" என்று காத்திருப்பது

இருப்பதிலேயே அதிகச் சேதம் செய்கிற தவறு இது. இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லையே என்று தாய் கவலைப்பட்டால் வீட்டிலேயே பதில் தயாராக இருக்கும்: "அவங்க அப்பனே மூணு வயசுலதான் பேசினான். ஆம்பளப் புள்ள மெதுவாத்தான் பேசும்." சொல்கிற பாட்டி பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் பாட்டியின் நினைவை வைத்து இதை முடிவு செய்ய முடியாது.

ஒரு வயதில், பேர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை திரும்பிப் பார்க்க வேண்டும். ஒன்றரை வயதுக்குள் வேண்டியதை விரல் நீட்டிக் காட்ட வேண்டும். தனித்தனிச் சொற்கள் சிலவாவது வர வேண்டும். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் குடு" என்று இரண்டு சொல் சேர்ந்து வர வேண்டும். இதில் ஏதாவது தள்ளிப்போனால் காட்டிவிடுவது நல்லது. வந்த பேச்சு நின்றுபோனாலோ, முகம் பார்த்துச் சிரித்த பிள்ளை அதை விட்டுவிட்டாலோ, எந்த வயதாக இருந்தாலும் காத்திருக்கவே கூடாது.

முதல் பரிசோதனை காதுக்குத்தான். "கதவு சத்தத்துக்குத் திரும்புறானே, காது நல்லாத்தான் கேக்குது" என்று சொல்லி இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். பெரிய ஓசை கேட்கும், பேச்சின் மெல்லிய ஒலிகள் கேட்காது என்கிற நிலையில் எத்தனையோ குழந்தைகள் இருக்கிறார்கள். உள்காதுக் குறையால் காது மிகக் கடுமையாகக் கேட்காமல் இருந்தால், காக்ளியர் கருவி (ஒலியை மின்சமிக்ஞையாக்கிக் காது நரம்புக்கு அனுப்பும் கருவி) பொருத்தும் அறுவை சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இடமுண்டு. அதற்கு ஆறு வயது வரம்பு இருக்கிறது. வயது குறையக் குறையப் பலனும் கூடும். காத்திருந்து இழந்த வருடத்தை எந்தத் திட்டத்தாலும் திருப்பித் தர முடியாது.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு தவறு மொழியைப் பழிப்பது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் வீட்டில் உருது, வெளியில் தமிழ். ஆந்திர எல்லையோரம் வீட்டில் தெலுங்கு. "ரெண்டு மொழி பேசறதாலதான் குழந்தை குழம்புது, வீட்டிலயும் தமிழ்லயே பேசுங்க" என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். சில பள்ளிகளும் சொல்கின்றன. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதமோ ஆட்டிசமோ (பிறரோடு பழகுவதிலும் பேசுவதிலும் சிரமம் தரும் வளர்ச்சி நிலை) வருவதில்லை. தமிழ் சரளமாக வராத தாய் இந்த அறிவுரையைக் கேட்டால், குழந்தையோடு பேசுவதையே குறைத்துவிடுகிறார். பேச்சுக்கு ஏங்குகிற பிள்ளைக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. தாய்க்கு எந்த மொழியில் கொஞ்ச வருமோ அந்த மொழியில் நிறையப் பேசட்டும்.

கோயிலில் மந்திரிப்பது, தர்காவில் ஓதுவது, தாயத்து கட்டுவது எல்லாம் அவரவர் நம்பிக்கை. நிறுத்தச் சொல்ல நான் யார்? கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: அதே வாரத்தில் மருத்துவரையும் பாருங்கள். "மூணு அமாவாசை போகட்டும்" என்று மருத்துவத்தைத் தள்ளிவைக்காதீர்கள். வலிப்பு மாத்திரையை யார் சொன்னாலும் திடீரென்று நிறுத்தாதீர்கள். அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

போகும் இடம் தவறுவது

சிஎம்சி (கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) என்றதும் ஊருக்குள் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் விடியற்காலையிலேயே போய் நிற்கிறார்கள். மனநல மையம் அங்கே இல்லை, பாகாயத்தில் இருக்கிறது. குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்கான மனநலப் பிரிவும் அங்கேதான். காட்பாடியிலிருந்து பாகாயத்துக்கு டவுன் பஸ் ஓடுகிறது. புறப்படுவதற்கு முன்பே போன் செய்து, எந்தப் பிரிவு, எந்த நாள், முன்பதிவு வேண்டுமா என்று கேட்டுக்கொண்டால் ஒரு நாள் கூலி போகாமல் இருக்கும்.

அங்கே மட்டும்தான் வழி என்று நினைப்பதும் தவறு. "சிஎம்சியில பாக்க வசதியில்ல, அதான் சும்மா இருக்கோம்" என்ற பேச்சு வருத்தம் தருகிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் நலப் பிரிவும் மனநலப் பிரிவும் உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் வருகிறார்கள். எந்த நாள் என்று அந்த மருத்துவமனையிலேயே கேட்கலாம். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் குழந்தைகளைப் பரிசோதிக்க வரும் மருத்துவக் குழுவை, 'ஊசி போட வந்திருக்காங்க' என்று நினைத்து அன்றைக்குப் பிள்ளையை வீட்டிலேயே நிறுத்திக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். 2013-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் வரும் அந்தக் குழுவின் வேலைகளில் ஒன்று, வளர்ச்சித் தாமதத்தைக் கண்டுபிடித்து மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புவது. கட்டணம் கிடையாது.

எந்த மாவட்ட அலுவலகத்துக்குப் போவது என்ற குழப்பமும் இன்னும் தீரவில்லை. வட ஆற்காடு 1989-ல் பிரிந்தது, வேலூர் மாவட்டம் 2019-ல் மறுபடி பிரிந்தது. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் பக்கத்தவர்களுக்கு ராணிப்பேட்டை. ஆம்பூர், வாணியம்பாடிக்குத் திருப்பத்தூர். பழைய நினைப்பில் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசுக்கு வந்து அலைந்து திரும்ப வேண்டாம்.

தெரபி என்ற பெயரில் ஏமாறுவது

தெருவுக்குத் தெரு தெரபி சென்டர் வந்துவிட்டது. நல்லவையும் உண்டு. ஆனால் பயிற்சி தருபவரிடம் ஒரு கேள்வி கேட்கப் பெற்றோர் கூச்சப்படுகிறார்கள்: "உங்க ஆர்சிஐ பதிவு எண் என்ன?" சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், மருத்துவ உளவியலாளர் எல்லாரும் ஆர்சிஐ எனப்படும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். முறையாகப் படித்தவர் அந்த எண்ணைச் சொல்லத் தயங்க மாட்டார். ஆறு மாதத்தில் ஆட்டிசத்தைக் குணமாக்குகிறேன் என்று சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஸ்டெம் செல் ஊசிக்கு நகையை விற்கப் போகிறவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன்: ஆட்டிசத்துக்கு அது நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இல்லை.

பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு வெளியே உட்கார்ந்திருப்பதும் தவறுதான். வாரத்துக்கு இரண்டு மணி நேரப் பயிற்சி தனியாக ஒன்றும் செய்துவிடாது. சோறு ஊட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் வீட்டில் செய்வதுதான் பலன் தரும். நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கி, சிகிச்சையில் சேர்ந்துகொள்ளும் வழக்கம் பாகாயம் மையத்தில் 1950-களிலிருந்தே இருக்கிறது. "நான் என்ன செய்யணும், செய்து காட்டுங்க" என்று கேட்பது உங்கள் உரிமை.

பள்ளி சொன்னதை அப்படியே ஏற்பது

"உங்க பையனால மத்த பிள்ளைங்க படிப்பு கெடுது, டிசி வாங்கிக்கோங்க." இந்த வார்த்தையைக் கேட்டு அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். போடாதீர்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி எதுவானாலும் பாகுபாடு இல்லாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் வெளியேற்றக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டமும் சொல்கிறது. பள்ளி சொல்வதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பள்ளிக் கல்வித்துறையின் 14417 எண்ணில் கேளுங்கள். ஒவ்வொரு ஒன்றியத்திலும் வட்டார வள மையம் இருக்கிறது, அங்கே சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து சொல்லித்தரும் ஏற்பாடும் அவர்கள் மூலம்தான்.

நன்றாகப் பேசுகிற, விளையாடுகிற பிள்ளை, எழுத்தைக் கண்டால் மட்டும் திணறினால் "சோம்பேறி" என்று அடிக்கிறோம். அது டிஸ்லெக்சியா என்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. பத்தாம் வகுப்பு ஜனவரியில் ஓடினால் நடக்காது. மதிப்பீடு, சான்று, பள்ளி வழியாக விண்ணப்பம் என்று நேரம் பிடிக்கும். எட்டாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுங்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் பயப்படுவது

"அந்தக் கார்டு வாங்கினா முத்திரை குத்தின மாதிரி ஆயிடும், நாளைக்கு யார் பொண்ணு குடுப்பாங்க?" மூன்று வயதுப் பிள்ளைக்கே இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. இந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஊர்ப் பேச்சு அவ்வளவு கொடியது. ஆனால் சான்று வாங்காததால் பிள்ளையின் நிலை மறைந்துவிடுவதில்லை, கிடைக்க வேண்டியதுதான் கிடைக்காமல் போகிறது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குத் தமிழக அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். நிராமயா என்ற மத்திய அரசுக் காப்பீட்டில் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு உண்டு. தெரபிச் செலவும் அதில் சேரும்.

மருத்துவமனை தரும் மதிப்பீட்டு ரிப்போர்ட் வேறு, அரசு தரும் மாற்றுத்திறனாளி சான்று வேறு. ரிப்போர்ட்டை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். அதை எடுத்துக்கொண்டு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழி கேளுங்கள். அடையாள அட்டைக்கு ஆன்லைனில் பதியும்போது பிரவுசிங் சென்டர்காரரின் போன் எண்ணைக் கொடுக்க வேண்டாம். பிறகு வரும் ஓடிபியும் தகவலும் அவருக்கே போகும்.

வளர்ந்த பிள்ளையின் மௌனம்

சின்னப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு, பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளின் மனதைப் பற்றி நாம் பேசுவதில்லை. தூக்கம் மாறுவது, சாப்பாடு குறைவது, நண்பர்களை ஒதுக்குவது, மார்க் திடீரென்று சரிவது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் "திமிர்" என்று ஒதுக்காதீர்கள். "செத்துடலாம்போல இருக்கு" என்று பிள்ளை சொன்னால், மிரட்டுகிறது என்று நினைப்பதுதான் மிகப் பெரிய தவறு. நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அன்றிரவு தனியாக விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து, எலி பேஸ்ட், மாத்திரைகள் இருந்தால் அப்புறப்படுத்துங்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. 104-லும் ஆலோசனை உண்டு. குழந்தைக்கு யாராவது தொல்லை கொடுத்தால் 1098.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: அந்த எண்கள் உங்களுக்கும்தான். பிள்ளைக்காக அலைந்து தூக்கம் கெட்டவர் தனக்காகவும் கூப்பிடலாம்.

பதினெட்டு வயது நெருங்கும்போது

பிள்ளைக்கு 18 வயதானதும், அதற்கு எந்தக் குறைபாடு இருந்தாலும், சட்டப்படி பெற்றோர் தாமாகவே பாதுகாவலராகத் தொடர்வதில்லை. இது தெரியாமல் வங்கிக் கணக்கிலும் சொத்து விவகாரத்திலும் திடீரென்று மாட்டிக்கொள்கிறார்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், கலெக்டர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழு சட்டபூர்வப் பாதுகாவலரை நியமிக்கிறது. பிள்ளைக்குப் பதினேழு நடக்கும்போதே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இதற்கான தாள்களைக் கேட்டுத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.