ரத்தக்காட்டேரி விளையாட்டு: முதலில் எந்தக் குலம்?

அக்னி வெயிலுக்குப் பயந்து பாளையங்கோட்டை முழுவதும் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் மே மாதத்தில், நாமே ரத்தக்காட்டேரியாக மாறி ஆடும் 'வேம்பயர் தி மாஸ்கரேடு: பிளட்லைன்ஸ்' என்ற கணினி விளையாட்டைத் தொடங்கும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: ஏழு காட்டேரிக் குலங்களில் எதை எடுப்பது?

முதல் தடவை டொரியடார் குலத்தை எடுங்கள். பேச்சில் ஆளை மடக்கலாம். சண்டையில் மின்னல் வேகத்தில் பாயலாம். அடித்து நொறுக்கத்தான் ஆசை என்றால் புருஹா.

நோஸ்ஃபெராட்டு பக்கம் இப்போது போகவேண்டாம். அந்தக் கோர முகத்தைத் தெருவில் மனிதர் யாராவது பார்த்தாலே, காட்டேரிகள் இருக்கும் ரகசியம் உடைந்ததாகக் கணக்கு. அப்படி ஐந்து தடவை ஆனால் ஆட்டம் முடிந்தது. சாக்கடை வழியாகவே ஊரைச் சுற்ற வேண்டும். வென்ட்ரூ குலத்துக்கு, அவசரத்துக்குக் குடிக்க எலி ரத்தம்கூட ஆகாது. மால்கேவியன் பைத்தியம்போல் உளறுவான். ஆனால் அந்த உளறலில் பின்னால் நடக்கப்போவது ஒளிந்திருக்கும். கதை தெரிந்தபின் கேட்டால்தான் அதன் அருமை புரியும். ஆகவே அதை இரண்டாவது ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அவசியம்!

எந்தக் குலமானாலும், துப்பாக்கி, கைச்சண்டை, வாள் ஆகியவற்றில் ஒன்றைத் தொடக்கத்திலிருந்தே வளர்த்து வாருங்கள். பிற்பகுதியில் வாய்ப்பேச்சு எடுபடாது. எதிரியைக் கொன்றால் அனுபவப் புள்ளி கிடைக்காது, வேலையை முடித்தால்தான் கிடைக்கும். கண்ணில் பட்டவனையெல்லாம் வெட்டத் தேவையில்லை.

2004இல் வந்த விளையாட்டு இது, பழைய கணினியே போதும். விளையாட்டின் பிழைகளைச் சரிசெய்ய ரசிகர்கள் உருவாக்கிய திருத்தக் கோப்பை நிறுவிவிட்டுத் தொடங்குங்கள். மின்சாரம் எப்போது போகுமென்று தெரியாத ஊரில், ஒவ்வொரு சண்டைக்கு முன்பும் ஆட்டத்தைச் சேமித்துவிடுங்கள்.