ஷிப்மெண்ட் வாரத்திலும் கதை எழுத

எழுத்து நின்றுபோனவர்கள் மறுபடி தொடங்கும்போது பெரும்பாலும் பெரிய இலக்கோடுதான் உட்காருகிறார்கள். தினமும் ஆயிரம் வார்த்தை, தை பிறப்பதற்குள் நாவல் என்று. சில நாள் நடக்கும். அப்புறம் ஒரு கல்யாணம் வரும், ஊரில் மாரியம்மன் நோம்பி சாட்டுவார்கள், கம்பெனியில் ஷிப்மெண்ட் நெருக்கும். நோட்டு அலமாரிக்குள் போய்விடும். அதனால் இலக்கை நல்ல நாளை வைத்துப் போடாதீர்கள். உங்கள் வாரத்திலேயே மோசமான நாள் எதுவோ, அதை வைத்துப் போடுங்கள்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்த்துக்கொண்டே கதை எழுதுகிறவள் நான். மாமியார் படுக்கையில் இருந்த காலத்தில் எழுத்து அடியோடு நின்றது. அதை மறுபடி பிடித்த வழியைத்தான் சொல்கிறேன்.

முதல் வாரம் எதுவும் எழுத வேண்டாம். நாள் எப்படிப் போகிறது என்று மட்டும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். எனக்குச் சனிக்கிழமைதான் மோசம். அன்றைக்குத்தான் வாரச் சம்பளம். பீஸ் ரேட்டுக்காரர்களின் கணக்கைச் சரிபார்த்துப் பட்டுவாடா முடித்து வீடு சேர ராத்திரி ஆகிவிடும். அடுத்தது நல்ல தண்ணி வருகிற நாள். எந்நேரம் வரும் என்று சொல்ல முடியாது, வந்தால் குடம், டிரம் எல்லாம் நிரப்பியாக வேண்டும். இந்த நாட்களில் என்னால் முடிவது ஐந்து வரி. ஆகவே என் தினசரி இலக்கே ஐந்து வரிதான். மற்ற நாட்களில் ஒரு பக்கம் வரும், ஞாயிற்றுக்கிழமை ஒரு காட்சி முழுதாகவே முடியும். அதெல்லாம் வரவு. கட்டாயம் என்பது ஐந்து வரி மட்டும்.

இது போதுமா என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். கோடு போட்ட நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 150 வார்த்தை பிடிக்கும். மாதத்தில் 20 நாள் மட்டும் ஒரு பக்கம் எழுதினால்கூட வருஷத்துக்கு 240 பக்கம், அதாவது 36,000 வார்த்தை. ஒரு சிறு நாவலின் முதல் வரைவுக்கு அது தாராளம். ஒரு மாதத்தில் 50,000 வார்த்தை என்று ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் வைத்துக்கொண்ட இலக்கைப் பார்த்து மிரள வேண்டாம். தமிழில் விகுதியும் வேற்றுமையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே விஷயத்தைச் சொல்ல நமக்கு வார்த்தை எண்ணிக்கை குறைவாகவே ஆகும். வார்த்தையை விட்டுப் பக்கக் கணக்கில் எண்ணுங்கள். வருஷத்துக்கு ஒரு பெரிய கெடுவும் வேண்டும். எனக்கு அது ஈரோட்டுப் புத்தகத் திருவிழா. ஆடி வாக்கில் அது வருவதற்குள் கையில் ஒரு வரைவு முடிந்திருக்க வேண்டும். பிரசுரம், பரிசு இரண்டையும் இலக்கில் சேர்க்காதீர்கள். அவை அடுத்தவர் கையில் இருப்பவை.

நேரம் எங்கிருந்து வரும் என்பதுதான் பெண்களுக்குப் பெரிய கேள்வி. ஆண்டனி டிரோலப் என்ற ஆங்கில நாவலாசிரியர் தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். காலை 5.30 மணிக்கு உட்கார்ந்துவிடுவார். கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 வார்த்தை என்று எழுதினார். ஒழுங்குக்கு உதாரணமாக எல்லோரும் இதைச் சொல்வார்கள். அவருடைய சுயசரிதையிலேயே இன்னொன்றும் இருக்கிறது. காலையில் எழுப்பிக் காபி கொடுப்பதற்காக ஒரு வேலையாளுக்கு வருஷம் 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். எனக்கு இதுதான் முக்கியமாகப் பட்டது. ஒருத்தர் உட்கார்ந்து எழுத, இன்னொருத்தர் ஏதாவது ஒரு வேலையை ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆகவே வீட்டில் வாய்விட்டுக் கேளுங்கள். "கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்க" என்று பொதுவாகக் கேட்டால் நடக்காது. இன்ன வேலை, இன்ன நேரம் என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் தண்ணி பிடிப்பதும் காலைப் பாலைக் காய்ச்சுவதும் இப்போது என் வீட்டுக்காரர் பொறுப்பு. வெள்ளென அஞ்சு மணியிலிருந்து முக்கால் மணி நேரம் எனக்குக் கிடைத்தது அப்படித்தான்.

நின்ற எழுத்தைத் தொடும்போது புதுக்கதை தொடங்காதீர்கள். பாதியில் விட்டதை எடுங்கள். கடைசி ஐந்து பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். மனசுக்குள் படித்தால் நம்முடைய பழைய குரல் காதில் விழாது. அப்புறம் கடைசிப் பக்கத்தைக் கையால் அப்படியே பார்த்து எழுதுங்கள். எழுதும்போதே ஒரு வார்த்தை உறுத்தும், மாற்றுவீர்கள். ஒரு பேச்சு நீளமாகத் தெரியும், வெட்டுவீர்கள். பக்கம் தீரும் இடத்தில் கை நிற்காமல் புதிதாக இரண்டு வரி எழுதிவிடும். முதல் சில நாளைக்கு அது போதும்.

அன்றைய எழுத்தை முடிக்கும் விதத்தில்தான் மறுநாள் எழுத்து இருக்கிறது. காட்சியை முடித்துவிட்டு எழுந்திரிக்காதீர்கள். நடுவில் நிறுத்தி, அடியில் ஒரு கேள்வி எழுதி வையுங்கள். என் பிறந்த ஊர் பவானி. ஜமக்காளம் நெய்கிற ஒரு பெண்ணைப் பற்றிய கதையில் ஒருநாள் இப்படி எழுதி வைத்திருந்தேன்: "காளியம்மா குழித்தறியில் இருக்கிறாள். மாமனார் வாசலில் வந்து நிற்கிறார். கையில் என்ன?" அன்றைக்குக் கம்பெனிக்குப் போகும் பஸ்ஸில் பதில் வந்தது. ஈரோட்டு மஞ்சள் மண்டிச் சீட்டு. அவளைக் கேட்காமல் மூட்டையை விற்றிருக்கிறார். அந்தப் பணம் போன இடம்தான் மீதிக் கதை. "அடுத்து சண்டை வரும்" என்று எழுதி வைத்திருந்தால் இது கிடைத்திருக்காது. கண்ணுக்குத் தெரிகிற ஒரு பொருளைப் பற்றிக் கேளுங்கள், மனசு நாள் முழுக்க அதிலேயே வேலை செய்யும். பதில் வந்த கையோடு போனில் நாலு வார்த்தை குரலில் பதிந்துவிடுங்கள். முழுக் காட்சியையும் பேசித் தீர்க்க வேண்டாம். பேசித் தீர்த்ததை எழுத உட்கார்ந்தால் சலிப்புத் தட்டும்.

எங்கள் கம்பெனியில் எழுத ஆசைப்படுகிற ஒரு பெண், "மூடே வர மாட்டேங்குதுங்க்கா" என்றாள். "அது வர்றப்ப வரட்டும் கண்ணு, நீ அஞ்சு வரி எழுதிட்டுப் படு" என்றேன். நான் மனதாரச் சொன்னது அது. உட்கார்ந்து மூன்றாவது வரியில் வருகிற மூடுதான் எனக்குத் தெரிந்த மூடு.

நாள் தவறினால் என்ன செய்வது? தவறியதை மறுநாள் இலக்கோடு கூட்டாதீர்கள். மூன்று நாள் பாக்கி என்று பதினைந்து வரி சுமந்து உட்காருகிறவர்கள் ஒரு வரியும் எழுதாமல் எழுந்துவிடுகிறார்கள். காலண்டர் தாளில் எழுதிய நாளை மட்டும் வட்டம் போடுங்கள், எழுதாத நாளைக் குறிக்கவே வேண்டாம். முகூர்த்த மாதங்களில் எந்தெந்த நாள் ஊருக்குப் போவீர்கள் என்பது பத்திரிகை வந்ததுமே தெரிந்துவிடும். அந்த நாட்களை முன்கூட்டியே கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஒரு மாதம் பார்த்தும் விடியற்காலை ஒத்துவரவில்லை என்றால் நேரத்தை மாற்றுங்கள், ஐந்து வரியை மாற்றாதீர்கள். ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவர்கள் மத்தியானம் தூங்கி எழுந்த கையோடு எழுதலாம். பிள்ளைகள் டியூசன் போகிற வீட்டில் பொழுதோட ஒரு மணி நேரம் ஓய்வு கிடைக்கும். புது நேரத்துக்கும் ஒரு மாதம் கொடுங்கள். நேரத்தை மாற்றுவதற்கு முன்னாடியே வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லி, அந்த நேரத்து வேலை யார் பொறுப்பு என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.