ஆறு வயதுக் குழந்தைக்கு ஸ்வரக் குறிப்பைப் படிக்கச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

கர்நாடக இசையின் ஆரம்பப் பாடமான சரளி வரிசையைத் தடங்கலின்றிப் பாடும் குழந்தையிடம் நோட்டின் நடுவில் ஒரு வரியைக் காட்டிப் பாடச் சொல்லுங்கள். பெரும்பாலும் திருதிருவென்று விழிக்கும். அதுவரை பாடியதெல்லாம் மனப்பாடம். என் தங்கை மகளும் அப்படித்தான் மாட்டிக்கொண்டாள்.

தேவை: கட்டம் போட்ட கணக்கு நோட்டு, பென்சில், சிவப்புப் பென்சில்.

படி 1: வரிக்கு எட்டுக் கட்டம். நான்காவதற்கும் ஆறாவதற்கும் பின் ஒற்றைக் கோடு, எட்டாவதற்குப் பின் இரட்டைக் கோடு. இதுவே ஆதி தாளம்: தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டு, வீச்சு (உள்ளங்கையைத் திருப்புவது), தட்டு, வீச்சு. கட்டத்துக்கு ஓர் எண்ணிக்கை. குழந்தை தாளம் போட, நீங்கள் வெறும் கட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்காட்டுங்கள்.

படி 2: இப்போது ஸ்வரங்கள். தெரிந்த வரிசையை எழுதாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டே ஒப்பித்துவிடும். இப்படி எழுதுங்கள்:

க ரி ஸ ரி | க ம | க ரி ||

முதலில் தாளத்தோடு வாசிக்கட்டும், பிறகு பாடட்டும். ரி ஒரே வகையல்ல; எந்த ரி என்பதை ராகம்தான் சொல்லும். ஆரம்பப் பாடங்கள் மாயாமாளவகௌளை என்ற ஒரே ராகத்தில் இருப்பதால் இப்போதைக்கு அந்தக் கவலை வேண்டாம்.

படி 3: இங்கேதான் நிதானம் வேண்டும்.

ஸ ரி க ம | ப , | ஸ ரி ||

காற்புள்ளியைக் கண்டதும் குழந்தை வாயை மூடிக்கொள்ளும். பள்ளியில் காற்புள்ளி என்றால் நிறுத்தம் அல்லவா? இங்கே அது கார்வை: முந்தைய ஸ்வரம் இன்னோர் எண்ணிக்கைக்கு நீள வேண்டும். ‘ப’ விலிருந்து அடுத்த கட்டம்வரை ஒரு வால் வரைந்துவிடுங்கள். தமிழ் எழுத்தே இன்னொரு வழியும் தருகிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. ‘ப ,’ என்பதைப் பல புத்தகங்கள் ‘பா’ என்றே அச்சிடுகின்றன. அதைச் சொன்னதும் எங்கள் வீட்டுச் சிறுமி, “இவ்வளவுதானா?” என்றாள்.

படி 4: மேல் ஸ்தாயிக்கு (உயர்ந்த சுருதியில் வரும் ஸ்வரத்துக்கு) எழுத்தின் தலையில் புள்ளி வைப்பது வழக்கம். தமிழ் படிக்கும் குழந்தை அதை ‘ஸ்’ என்று மெய்யெழுத்தாக வாசிக்கும், தவறு அதனுடையதல்ல. புள்ளியைக் கட்டத்துக்கு வெளியே, சிவப்பில் வையுங்கள். கீழ் ஸ்தாயிப் புள்ளி அடியில் வருவதால் தொல்லையில்லை.

இரண்டாம் காலக் கோடுகள் (இரட்டை வேகத்துக்கானவை), அரைப்புள்ளி எல்லாம் காத்திருக்கட்டும்.

படி 5: குழந்தை எழுத, நீங்கள் பாடுங்கள். எனக்கு வந்த முதல் வரி இது:

ஸ , , , | , , | , , ||

அவள் தாளத்தை வேண்டுமென்றே மெதுவாகப் போட்டாள். ஆறாவது கட்டத்தில் எனக்கு மூச்சு வாங்கியது.